பிறவி மஞ்சளும் சுட்ட மஞ்சளும்

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால், சரக்கு ரயில் ஷெட்டைப் பார்த்த ஒரு மாடி அறையில் ஞானதுரை குடியிருந்தார். மஞ்சள் கல்லுக்கு நிறம் பார்ப்பது அவர் தொழில். மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் கல் வியாபாரம் செய்கிறவர்கள், மொத்தமாக வாங்கிய மஞ்சள் கல்லைப் பொட்டலமாகக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் கொட்டுவார்கள். அவர் அதை வெள்ளைத் தாளில் பரப்புவார். எது எந்த மஞ்சள், எது நெருப்பில் சுட்டு மஞ்சளானது, எது மண்ணுக்குள்ளேயே மஞ்சளாகப் பிறந்தது என்று பிரித்துக் கொடுப்பார். அவர் பிரித்ததை வாங்கிப்போனவர்கள் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை.

நகைக்கடையில் இந்தக் கல்லைப் புஷ்பராகம் என்று சொல்லி விற்பார்கள். ஞானதுரை அப்படிச் சொல்லமாட்டார். புஷ்பராகம் வேறு இனம். இது படிகத்தில் ஒரு வகை. வடக்கத்தி வியாபாரிகளுக்கு இது சுனேலா, கப்பலில் வருகிறவர்களுக்கு சிட்ரின். பெயரை மாற்றிச் சொல்லி விற்கும் கல்லுக்குத் தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

மூக்குக்கண்ணாடி வழியாகத்தான் அவர் இந்தத் தொழிலுக்கு வந்தார். இளம் வயதில் பிராட்வே பக்கம் ஒரு கடையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் கிடைக்கும் படிகக் கல்லை அறுத்துத் தேய்த்து மூக்குக்கண்ணாடிக்குப் போடுவார்கள். கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வசதியுள்ளவர்கள் கேட்டு வாங்குவார்கள். வில்லைக்கு வெள்ளைக் கல்தான் ஆகும். மஞ்சள் ஓடிய கல்லை முதலாளி ஒரு தகர டப்பாவில் எறிந்துவிடுவார். டப்பா நிறைந்ததும் ஞானதுரை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அந்தக் கற்களை வரிசையாக வைத்துப் பார்ப்பார். யாரும் சொல்லித் தரவில்லை. தனியாகப் பார்த்தால் எல்லா மஞ்சளும் மஞ்சள்தான், அடுத்தடுத்து வைத்தால்தான் பேதம் தெரியும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

வல்லத்து மஞ்சள் வைக்கோல் நிறம். உள்ளே லேசாகப் புகை படிந்தது போலிருக்கும். மடகாஸ்கர் கல் எலுமிச்சை நிறம், தெளிவானது, ஆனால் வெளிறியது. பிரேசில் கல் தேனில் தொடங்கி, சிவப்பு ஓடிய ஆழ்ந்த ஆரஞ்சு வரை போகும். சந்தையில் விலை அந்த ஆரஞ்சுக்குத்தான். ஆனால் அதில் பெரும்பங்கு செவ்வந்திக்கல்லாக, அதாவது ஊதாவாகப் பிறந்து, மணல் நிரப்பிய சட்டியில் புதைத்துச் சுட்டதால் மஞ்சளானது. எல்லா ஊர் ஊதாவும் நெருப்புக்கு ஒரே மாதிரி மாறாது. சில ஊர்க் கல் நன்றாகத் திரும்பும். சில ஊர்க் கல் பால் கலந்தாற்போல் வெளுத்துப்போகும்.

சுட்ட கல்லில் நிறம் பல சமயம் வரிவரியாக நிற்கும். திருப்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சள். பிறவி மஞ்சளைத் திருப்பினால் ஒரு பக்கம் ஒரு பொட்டு கூடும், இன்னொரு பக்கம் குறையும். நெருப்பு சரியாக ஏறாத கல்லில் எங்காவது ஒரு மூலையில் ஊதா மிச்சமிருக்கும். அதைக் கண்டுவிட்டால் மேற்கொண்டு பேச்சில்லை.

கல் கொண்டுவருகிறவர்கள் வாயைத் திறந்ததும் ஊரைத்தான் சொல்வார்கள். ஞானதுரை கையைக் காட்டி நிறுத்துவார்.

"ஊரு பேர உன் கிட்டயே வெச்சிக்க. மொதல்ல கல்லப் பாத்துடறேன்."

ஊரைக் கேட்டுவிட்டால் கண் அந்த ஊர் மஞ்சளையே தேட ஆரம்பித்துவிடும் என்பது அவர் கணக்கு. சுட்டதா பிறவியா என்று பார்த்து, ஆழம் பார்த்து, தெளிவு பார்த்து முடித்த பிறகு, "இப்ப சொல்லு" என்பார். பெரும்பாலும் சொன்ன ஊர் சரியாக இருக்காது.

வியாபாரிகள் வந்தால் அவர் பிரித்து முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே டீக்கடையிலிருந்து டீ வரும். துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது, யார் வீட்டில் கல்யாணம், யார் பேரம் முறிந்தது என்று பேச்சு ஓடும். அவருக்கு வேறு பேச்சுத் துணை கிடையாது. மனைவி ஆலிஸ் மகளின் முதல் பிரசவத்துக்கு ஜோலார்பேட்டைக்குப் போனவள். மருமகன் ரயில்வேயில் கார்டு. குழந்தைக்கு உடம்பு தேறட்டும் என்று இருந்தாள். பிறகு இரண்டாவது பிரசவம் வந்தது. பிறகு அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள், புது வருஷப் பூசை பார்த்துவிட்டு ரயிலேறிவிடுவாள். கல் மட்டும் வராதிருந்தால் அந்த மாடிப் படியில் யாரும் ஏறியிருக்கமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும்.

எழுபத்தொன்றாம் வருஷக் கோடையில் அவர் ஜன்னலுக்கு எதிரே கந்தகம் வந்து குவிந்தது. எண்ணூர்ப் பக்கத்து உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் வந்த சரக்கு. வேகன் கிடைக்கும்வரை ஷெட்டுக்கு வெளியே மலைபோலக் கொட்டிவைத்திருந்தார்கள். நிறம் பார்க்க வடக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும். அவருடைய வடக்கு ஜன்னல் முழுக்கக் கந்தகமாகிவிட்டது. வெயில் அதில் பட்டுத் திரும்பி, அறையின் சுண்ணாம்புச் சுவரையே மஞ்சளாக்கியது.

அந்தச் சமயத்தில்தான் அஜீசுன்னிசாவின் பொட்டலம் ஒன்று திரும்பி வந்தது. அஜீசுன்னிசா மண்ணடியில் கணவர் விட்டுப்போன கல் வியாபாரத்தைத் தானே நடத்துகிறவர். வெள்ளைப் புர்கா, கையில் ஒரு ரெக்சின் பை, படியேறினால் மூச்சு வாங்கும், ஆனால் ஆளை அனுப்பமாட்டார், தானே வருவார்.

"தொரண்ணே, எலுமிச்சைன்னு நீ கட்டிக் குத்த பொட்டலத்துல பாதி வெறும் படிகம். தண்ணி மாதிரி கீது. இன்னா, எனக்குப் பச்சத் தண்ணிய சர்பத்துன்னு ஊத்திக் குடுக்கிறியா?"

ஞானதுரை ஜன்னலைக் காட்டினார். "அங்க பாருங்க பீபிம்மா. ஊரே மஞ்சளாக் கீது. இந்த வெளிச்சத்துல வெள்ளையும் மஞ்சளாத்தான் தெரியும்."

அஜீசுன்னிசா எட்டிப் பார்த்து முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சே, கலீஜு. இதுக்கு எதுர்ல ஒக்காந்து எப்பிடித்தான் சோறு துன்றியோ." காரணம் அவருக்குப் போதுமாக இருந்தது. ஞானதுரைக்கும்தான்.

மறுநாளிலிருந்து அவர் கல்லை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக் கடற்கரைக்குப் போனார். கரையேற்றிய கட்டுமரம் ஒன்றின்மேல் தாளை விரித்து, நான்கு மூலைக்கும் சிப்பி வைத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கடல் வெளிச்சம் தெளிவாக இருந்தது. எலுமிச்சையை ஒரு வரிசையும், வைக்கோல் நிறத்தை ஒரு வரிசையும், வெள்ளையை ஒதுக்கி ஒரு மூலையிலும் வைத்தார். திருப்தியாக இருந்தது.

தாயம்மா காத்திவாக்கத்திலிருந்து இறால் கொண்டுவந்து ராயபுரத்துத் தெருக்களில் விற்பவள். ஞானதுரை வாரத்தில் இரண்டு நாளாவது அவளிடம் வாங்குவார். கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, எறா ஆயுற மாதிரி ஒண்ணொண்ணா ஆஞ்சிகினு கீறே?"

"தள்ளி நில்லு. நெழல் விழுது."

"நெழல் கெடக்கட்டும். இப்பிடி ஆஞ்சா உன் கிட்ட எவன் வாங்குவான்? இந்த வரிசையில பாரு, மஞ்சளு, மஞ்சளு, வெள்ள, மஞ்சளு, வெள்ள. நான் இப்பிடி வெள்ள எறாவையும் செவுப்பு எறாவையும் கலந்து வித்தேன்னு வெய்யி, ராயபுரத்துப் பொம்பளைங்க கூடைய என் தலையிலயே கவுத்துடுவாளுங்கோ."

அவர் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிப் போனாள். அதன்பிறகு அவர் வரிசையைப் பார்த்தார். எது வெள்ளை என்று தெரியவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடற்கரையில் கந்தகம் இல்லை. கண்தான்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல் வராது. கல் வராவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள். பெட்டியிலே கொஞ்சம் பணம் இருந்தது, சோற்றுக்குக் கவலையில்லை. அந்த நாற்காலியில் யாரும் உட்காராத நாட்களைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அவர் அதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். கல்லைக் கொட்டுவதற்கு முன்னாலேயே, "எந்த ஊரு சரக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். மடகாஸ்கர் என்றால் எலுமிச்சை என்றார். பிரேசில் என்றால் சுட்டது என்றார். வல்லம் என்றால் பிறவி மஞ்சள், புகை ஓடியது என்றார். யார் வெட்டியெடுத்தது, கிணறு தோண்டும்போது கிடைத்ததா, வயலில் பொறுக்கியதா, கப்பலில் வந்ததா என்று நீளமாகக் கேட்டார். வியாபாரிகளுக்கு இது பிடித்திருந்தது. ஞானதுரைக்கு வயதாக வயதாகப் பேச்சு நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருநாள் அஜீசுன்னிசா மட்டும் கேட்டார்:

"கல்லு வாங்கின எடத்துல நான்கூட இவ்ளோ கேள்வி கேக்கல. நீ இன்னா, ரேஷன் ஆபீசரா?"

"தெரிஞ்சிக்கத்தான் பீபிம்மா."

"முன்ன ஊரு பேரு சொன்னா நாய வெரட்டுற மாதிரி வெரட்டுவே."

அன்று அஜீசுன்னிசா கொண்டுவந்தது வல்லத்துச் சரக்கு. விற்றவன் அப்படித்தான் சொல்லியிருந்தான், அவரும் அதை நம்பித்தான் சொன்னார். ஜெய்ப்பூரில் ஒருவர் சுடாத கல்லாகக் கேட்கிறார் என்றும், சுட்டது ஒன்றுகூட வரக்கூடாது என்றும் சொன்னார். சுடாத கல் நிறத்தில் வெளிறியிருந்தாலும் அதற்கென்று தேடி வருகிற ஆட்கள் உண்டு. ஞானதுரை கல்லைத் தாளில் பரப்பினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சில கல்லின் மூலையில் ஒரு மங்கல் தெரிந்தது. வல்லத்துக் கல்லில் புகை இருக்கும். புகை என்றே வைத்துக்கொண்டார்.

"எல்லாம் பிறவி" என்று பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது அஜீசுன்னிசா திரும்பி வந்தார். அன்று மூச்சு வாங்குவதற்கும் நிற்கவில்லை. நாற்காலியிலும் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரே ஒரு கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த மூலையில இன்னா கீது?"

ஞானதுரை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். கந்தகம் எப்போதோ வேகனேறிப் போய்விட்டிருந்தது. வானம் வெளுத்திருந்தது.

"புகை."

"புகையா?"

"வல்லத்துக் கல்லு. புகைதான்."

"கத்திரிக்காத் தோலு மாதிரி ஊதா, தொரண்ணே. ஜெய்ப்பூர்க்காரன் பொட்டலத்தப் பிரிச்சதும் சிரிச்சானாம். எவன் வூட்டு அடுப்புல சுட்டதுன்னு கேட்டானாம். ஞானதொர பாத்த கல்லுன்னு நான் நெஞ்சத் தட்டிச் சொல்லி அனுப்பிச்சேன்."

ஞானதுரை கல்லைக் கீழே வைக்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அஜீசுன்னிசா அவர் முகத்துக்கு அருகில் குனிந்தார். கல்லைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார்.

"புரை" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எங்க மாமியாருக்கும் இப்பிடித்தான் மணியில சாம்பல் பூத்துது. எத்தினி நாளா?"

ஞானதுரை கல்லை மேஜைமேல் வைத்தார்.

"தெரிஞ்சிகினேதான் பாத்தியா?"

"தெரிஞ்சிதான் பாத்தேன் பீபிம்மா."

அஜீசுன்னிசா மேஜைமேல் பார்ப்பதற்காக வைத்திருந்த தன் இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். படிக்கட்டில் இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார். "நான் யார் கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். நீயே சொல்லிடு. இல்லாட்டி இன்னொருத்தன் பேரும் கெடும்."

எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரியில், அறுத்து எடுத்தால் பார்வை வரும் என்றார்கள். அறுத்த பிறகு தலையை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைப்பார்கள். சோறு ஊட்ட, கழுவிவிட ஆள் வேண்டும். "கூட யாரு?" என்று நர்சம்மா கேட்டார். "வருவாங்க" என்று சொல்லிவிட்டு ஞானதுரை வெளியே வந்தார். மறுநாள் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறினார்.

ஆலிஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாளிருக்க அவரே வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் சீப்பை மகளிடம் கொடுத்துவிட்டுத் துணி எடுத்துவைக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். ஒரு கண் கட்டுக்குள்ளே. இன்னொன்றையும் சேர்த்தே மூடிவைத்திருந்தார்கள். முகம் தெரியாமல் இருந்ததாலோ என்னவோ, அவரால் கேட்க முடிந்தது.

"நீ ஏன் ஆலிசு திரும்பி வரல?"

கரண்டி கிண்ணத்தில் சுரண்டும் சத்தம் கேட்டது.

"அங்க வந்தா உங்க முதுகத்தான பாக்கணும்? விடிஞ்சதும் வெளிச்சம் வந்துட்டுதுன்னு ஜன்னலப் பாத்து ஒக்காந்திடுவீங்க. எதுனா பேசினா கல்லு கொழம்பிடும்பீங்க. ஜோலார்பேட்டையில புள்ளைங்க என் மூஞ்சப் பாத்துப் பேசுது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லியிருந்தா திரும்பியா ஒக்காந்திருப்பீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "வாயத் தொறங்க. ஆறிடப் போவுது."

கட்டுப் பிரித்த அன்று டாக்டர், கனமான கண்ணாடி போடும்வரை எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும் என்றார். அறுத்த கண்ணைத் திறந்தபோது எதிரே ஓர் உருவம் நின்றது. ஓரங்கள் கரைந்திருந்தன. ஆனால் நிறம் இருந்தது.

"நீலப் புடவையா கட்டியிருக்கே?"

"வெள்ளைங்க" என்றாள் ஆலிஸ். "தொவைச்சித் தொவைச்சிப் பழுப்பேறின வெள்ள."

அவர் அந்தக் கண்ணை மூடி, அறுக்காத கண்ணால் பார்த்தார். புடவை மஞ்சளோடிப்போயிருந்தது. மறுபடி மாற்றிப் பார்த்தார். நீலம். ஒரே புடவைக்கு இரண்டு நிறம். கண்ணாடி வந்தபின் உருவம் தெளிந்தது. நிறம் அப்படியே இருந்தது. அறுத்த கண்ணுக்கு எல்லா வெள்ளையும் நீலம் ஓடியே தெரிந்தது. வைக்கோல் நிறக் கல் அதற்குப் பச்சை ஓடியது. அறுக்காத கண்ணுக்கு அதே கல்லும் வெள்ளைக் கல்லும் ஒன்றாகவே தெரிந்தன.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பேத்திக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஆலிஸ் போய்விட்டாள். ரயில் நிலையத்தில் அவர் முகத்தை நேராகப் பார்த்து, "கண்ணுக்கு மருந்து விடறத மறந்துடாதீங்க" என்றாள். அவரும் வண்டி கிளம்பும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் மண்ணடிக்கும் சௌகார்பேட்டைக்கும் நடந்தே போய், கல் கொடுத்து வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்: இனிமேல் நிறம் பார்க்கமாட்டேன், விரிசல் பார்ப்பேன், தேய்ப்புச் சரியா என்று பார்ப்பேன். சிலர் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அஜீசுன்னிசா கடைசி வீடு. கண்ணாடிக்குள் ஒன்று மட்டும் பெரிதாகத் தெரிந்த அவர் கண்களை மாறிமாறிப் பார்த்தார்.

"இதுல எந்தக் கண்ணு நெசம் சொல்லுது?"

"தெரியல பீபிம்மா. ரெண்டும் அடிச்சிக்கினே கீது."

"எங்க வூட்லயும் அப்பிடித்தான் இருந்திச்சு, அவரு உயிரோட இருந்தப்ப" என்று சொல்லி அஜீசுன்னிசா சிரித்தார். விரிசல் பார்க்கப் பொட்டலம் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவும் செய்தார். ஆனால் ஆள் வந்து கீழே டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவான். ஞானதுரை இறங்கிவந்து வாங்கிக்கொள்வார். விரிசல் பார்ப்பதற்கு யாரும் கூட உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

எழுபத்தைந்தில் ஒருநாள் காலையில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தவர் கருணாகரன் என்றார். தஞ்சாவூர்ப் பக்கம், வல்லத்துக்கு அடுத்த ஊர். மஞ்சள் கல்லுக்கு ராயபுரத்து ஞானதுரையைத்தான் பார்க்க வேண்டும் என்று பல வருஷத்துக்கு முன் யாரோ சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு தேடி வந்திருந்தார். துண்டு முடிச்சை அவிழ்க்கப் போனார்.

"இருக்கட்டும்" என்றார் ஞானதுரை. "டீ சாப்பிடுங்க மொதல்ல."

டீ வந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். வாய்க்கால் கரை உடைந்தபோது சரளைக்கல் அடுக்கில் கிடைத்தது என்றார் கருணாகரன். யார் முதலில் பார்த்தது? தம்பி மகள், தட்டாங்கல் ஆட எடுத்து வைத்திருந்தாள். மண் செம்மண்ணா? செம்மண், கீழே போகப் போகச் சுண்ணாம்பு. கூட வெள்ளைக் கல்லும் கிடைத்ததா? நிறைய, அதை யாரும் மதிப்பதில்லை. கருணாகரன் நன்றாகப் பேசினார். வாய்க்காலில் இருந்து தம்பிக்குப் போய், தம்பியிலிருந்து பாகப்பிரிவினைக்குப் போய், பாகப்பிரிவினையிலிருந்து பஸ் நெரிசலுக்கு வந்தார். ஞானதுரை கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது டீயும் வந்தது. வெயில் மேஜையை விட்டுத் தரைக்கு இறங்கிவிட்டது.

கருணாகரன் துண்டை அவிழ்த்துக் கற்களைத் தாளில் கொட்டினார். "இப்ப சொல்லுங்கய்யா. பொறவிதானே இது? நல்ல நிறம்தானே?"

ஞானதுரை கற்களைத் தொடவில்லை.

"நான் நெறம் பாக்கறத விட்டு நாலு வருஷமாச்சுங்க. கண்ணு போயிடுச்சு. மண்ணடியில அஜீசுன்னிசா பீபின்னு ஒருத்தங்க இருக்காங்க, வழி சொல்றேன். அவங்க உங்களை ஏமாத்த மாட்டாங்க."

கருணாகரன் அவரையும் கற்களையும் பார்த்தார். "இத வந்ததுமே சொல்லியிருக்கலாமேய்யா. வெயிலுக்கு முன்னாடி போயிருப்பேனே."

"சொல்லியிருந்தா நீங்க ஒக்காந்திருக்க மாட்டீங்க."

கருணாகரன் கற்களைத் திரட்டி முடிந்துகொண்டார். வழி கேட்டுக்கொண்டார். கதவருகில் போய்த் திரும்பி, "வரேங்கய்யா" என்றார். காலடிச் சத்தம் படியில் இறங்கித் தெருவோடு கலந்தது. ஞானதுரை தாளை மடித்து வைத்துவிட்டு, டீக்கடைப் பையன் வருவதற்குள் இரண்டு கிளாசையும் தானே கழுவிக் கவிழ்த்தார்.